பச்சைத் தகரக் கோழிக்கூடு பற்றி உன் வாப்பாவின் வாக்குமூலம்

மகன்,

உனக்கும் எனக்கும் இடையில் இப்போது ஒரு சுவரும் ஒரு திரைச்சீலையும்தான் இருக்கின்றன. நான் அடுப்புக்குப் பக்கத்தில், குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நீ முன்னறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாய். பத்து எட்டு வைத்தால் உன் கட்டிலடிக்கு வந்து வாயாலேயே சொல்லிவிடலாம். இந்த நான்கு நாளில் மூன்று தடவை வந்தும் பார்த்தேன். முதல் தடவை வாயைத் திறந்ததும் ஒரு பகிடி வந்தது; நீ தலையணையை எடுத்து முகத்தில் வைத்தாய். இரண்டாம் தடவை பகிடியே விடுவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வந்தேன். முன்னதைவிடப் பெரிய பகிடி வந்தது. நீ இரண்டாவது தலையணையையும் எடுத்தாய். மூன்றாம் தடவை உன் உம்மா வாசலில் நின்று மறித்துவிட்டாள். "இந்த வீட்டில இனித் தலகாணி இல்ல. உங்கட வாயால வாற நல்லது போதும். சொல்றதுக்கு ஏதும் இருந்தா எழுதிக் குடுங்க" என்றாள். கடையில் சிட்டை எழுதும் கொப்பியில் ஐந்து தாளும் கிழித்துத் தந்தாள். ஆகையால் இந்தக் கடிதத்தில் வரும் பகிடிகளுக்கு அவள் பொறுப்பில்லை. கிழித்த தாள்களுக்கு மட்டும் பொறுப்பு.

நடந்ததை நீ எங்களுக்குச் சொன்னது இருபது சொல்லுக்குள் முடிந்துவிட்டது. கோழி செத்துப்போச்சு, மாமி எல்லாருக்கும் முன்னால கேவலப்படுத்தினா, நான் இனி அங்க போகமாட்டன், இஞ்சால ஒரு வாடகை வீடு பாருங்க, றிஸ்னா வந்தா வரட்டும். அவ்வளவுதான். ஆனால் நான் ஆணியும் தகரமும் விற்கும் கடையில் நிற்பவன். மூதூரில் ஒருவர் தும்மினால், அவருக்கு எந்த மூக்கில் தடிமன் என்பது அடுத்த நாள் பத்து மணிக்கு என் கடை வாசலுக்கு வந்துவிடும். உன் கதை ஒன்பது மணிக்கே வந்தது. கதவுக் கொண்டி வாங்க வந்த ஒருவர் சொன்னபோது இறந்த கோழிகள் ஆறு. பெயின்ற் வாங்க வந்தவர் சொன்னபோது பதினான்கு. மத்தியானம் தோப்பூர் ஆள் ஒருவர் வந்து, மாப்பிள்ளை மாமியாரின் ஆட்டையும் சேர்த்து அவித்துவிட்டாராமே என்று விசாரித்தார். உன் மாமி ஆடு வளர்ப்பதில்லை என்று நான்தான் உனக்காக வாதாடினேன்.

எல்லாக் கதையையும் சேர்த்துப் பிழிந்து, மருமகள் றிஸ்னா உன் உம்மாவுக்குப் போனில் அழுதழுது சொன்னதையும் வைத்துப் பார்த்தால், நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையில் உன் மாமி வீட்டுக்குத் தோப்பூரிலிருந்து றிஸ்னாவின் பெரிய மாமா குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு அவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்க வருவது முதல் தடவை. மாமி காலையிலேயே சேவலை அறுத்துக் கறிக்குக் கொடுத்துவிட்டார். நீ விறாந்தையைக் கழுவித் துடைத்தாய். கோழிகள் வந்து அதன்மேல் தங்கள் கருத்தைத் தெரிவித்தன. நீ மறுபடியும் கழுவினாய். அவை மறுபடியும் தெரிவித்தன. நல்ல மருமகன் என்று பெயரெடுக்க வேண்டிய நாள். கொய்யா மரத்தில் ஏறியும் வேலியோரம் கிளறியும் திரிந்த ஏழு கோழிகளையும் நீ பிடித்து, கலியாணத்துக்கு நான் அன்பளிப்பாகச் செய்து தந்த பச்சைத் தகரக்கூட்டுக்குள் விட்டுப் பூட்டினாய். அப்போது மணி பத்து. விருந்தாளிகள் சாப்பிட்டு, கை கழுவி, மாப்பிள்ளையின் அடக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது மாமி மிச்சச் சோற்றைக் கோழிகளுக்குப் போடப் போய்க் கூட்டைத் திறந்தார். ஆறு கோழி போய்ச் சேர்ந்திருந்தன. கதவிடுக்கில் அலகை நீட்டிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் தப்பியது.

அப்போது உன் மாமி சொன்ன சொல்லைத் திருகோணமலைத் துறைமுகம் முழுக்க இப்போது மனப்பாடமாக வைத்திருக்கிறது. "மருமகன், அவிச்சுத்தான் வச்சிருக்கீங்க. உப்பு மட்டும் போடல்ல." தோப்பூர் மாமா சிரித்தார். அவருடைய பிள்ளைகள் சிரித்தார்கள். றிஸ்னாவும் சிரித்துவிட்டாள் என்பதுதான் உனக்குள் தைத்த முள் என்று நினைக்கிறேன். நீ உள்ளே போய், பையை எடுத்துக்கொண்டு, உடுத்த சாரனோடேயே வந்து பஸ் ஏறினாய்.

மகன், அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். கதவுக் கொண்டிக்காரருக்கு முன்னால், கல்லாமேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. ஏனென்றால் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதை நீ யாருக்கும் சொல்லவில்லை. உன் மாமிக்குச் சொல்லவில்லை, மனைவிக்குச் சொல்லவில்லை, பெற்ற உம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அன்று பத்தரை மணிக்கு நீ எனக்குப் போன் எடுத்தாய். "வாப்பா, கூட்டுத் தகரம் கை வைக்க ஏலாமச் சுடுது. என்ன செய்ற?" என்று கேட்டாய். நான் ஒருவருக்குக் கம்பிவலை அளந்துகொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு, "சாக்க நனச்சு நாலு பக்கமும் தொங்கப் போடு மகன், உள்ளுக்கு நுவரெலியா மலை மாதிரிக் குளிரா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கம்பிவலையை வெட்டினேன். நீ சொன்னபடியே செய்தாய். பிறகு அத்தனை பேர் சிரித்தபோதும், "வாப்பாதான் சொன்னவர்" என்று ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை. சாக்கு யோசனை உன்னுடையது என்றுதான் மூதூர் முழுக்க நம்புகிறது.

ஆகவே வாக்குமூலம். முதலாவது குற்றம் அந்தச் சாக்கு. தம்பலகாமத்தில் வயலோரம் இருக்கும் ஒருவர் எனக்குச் சொன்ன வைத்தியம் அது. அவருடைய ஊரில் கச்சான் காற்று வயல்மேல் காய்ந்து வரும். ஈரச்சாக்கில் பட்டால் குளிர்ந்து உள்ளே போகும். மூதூருக்கும் திருகோணமலைக்கும் சித்திரை மாதத்தில் அது சரிவராது. கச்சான் இன்னும் எழும்பவில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது, காற்றிலேயே பாதி தண்ணீர், இலை அசைவதில்லை. துவைத்துப் போட்ட சேட்டே மூன்று நாள் காயாமல் கிடக்கும்போது சாக்கிலிருக்கும் ஈரம் எங்கே போகும்? கூட்டுக்குள்தான் போகும். மேலே சுடுகிற தகரம், சுற்றிவர நனைந்த சாக்கு, நடுவில் ஏழு கோழி. உன் உம்மா புட்டு அவிப்பதும் இப்படித்தான். உன் மாமி சொன்னது ஏளனம் இல்லை மகன். சமையல் தெரிந்த ஒருவர் சொன்ன சரியான விளக்கம்.

இரண்டாவது குற்றம் அந்தக் கூடு. அதை நான் எவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். கடையில் மிஞ்சிய தகரம், மிஞ்சிய பச்சைப் பெயின்ற், பித்தளைக் கொண்டி, இரும்புப் பூட்டு. நான்கு பக்கமும் இறுக்கம். கீரி நுழையாது, நாய் நுழையாது, பாம்பு நுழையாது என்று கலியாண வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டிக் காட்டினேன். கூட்டைப் பார்த்த உன் உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காத்து எங்கால வரும்?" நான் சொன்ன பதிலை அவள் இன்னும் மறக்கவில்லை. "கதவத் திறந்தா வரும்." நம்முடைய வீட்டுப் பின்வளவில் இருக்கும் கூட்டை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். முழங்காலளவு பலகை, அதற்குமேல் பழைய மீன்வலையும் கம்பிவலையும், கூரையில் தகரத்துக்கு மேலே தென்னங்கிடுகு. பார்வைக்கு உடைந்த வள்ளம் மாதிரி. ஆனால் அதற்குள் ஒரு கோழியும் வெக்கையில் செத்ததில்லை. அப்படியொன்றைச் செய்து சம்மந்தி வீட்டுக்கு அனுப்பினால், தகரக்கடைக்காரன் மீன்வலை அனுப்பியிருக்கிறான் என்று தோப்பூர்க்காரர் சிரிப்பார்களே என்று பயந்தேன். சிரிப்புக்குப் பயந்து தகரம் அடித்தேன். அவர்கள் எப்படியும் சிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது குற்றம்தான் பெரியது. அதை இருபத்தெட்டு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருக்கிறேன். நம்முடைய பின்வளவுக் கூட்டுக்கு ஏன் மீன்வலை வந்தது என்று நீ என்னிடம் ஒருமுறை கேட்டாய். உனக்கு அப்போது பத்து வயது. "அது அந்தக் காலத்து ஸ்டைல்" என்றேன். அது பொய்.

நம் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறவன். உலகத்தில் மற்ற இடங்களில் மருமகள் அழுதுகொண்டு போவாளாம். இங்கே நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அழுவதற்கும் வெட்கப்பட்டுக்கொண்டு போகிறோம். நானும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தவன். வந்த புதிதில் எனக்கு இங்கே எந்தக் கதிரையில் இருப்பதென்றும் தெரியாது. ஒரு கதிரை மாமாவுடையது, ஒன்று மாமா சாய்ந்து பேப்பர் பார்ப்பது, ஒன்று மாமாவின் பூனைக்கு. நான் மூன்று மாதம் கட்டில் விளிம்பில்தான் இருந்தேன். உன் உம்மாவின் வாப்பாதான் அந்த மாமா; தையற்காரர். வாயில் எப்போதும் குண்டூசி வைத்திருப்பார், அதனால் பேச்சு குறைவு. கதைப்பதெல்லாம் கோழிகளோடுதான். ஆறு கோழி வைத்திருந்தார். அவை பின்னேரம் அசர் தொழுகை முடிந்து அவர் வரும் நேரத்துக்கு வாசலில் வரிசையாக நிற்கும். நான் வேலை முடிந்து வரும்போது ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. எனக்குப் பொறாமை, மகன். கோழிமேல் பொறாமைப்பட்ட ஒரு மனிதனுக்குத்தான் நீ பிள்ளையாகப் பிறந்திருக்கிறாய்.

அவருடைய மனதைப் பிடிக்க ஒரு வழி தோன்றியது. அப்போதுதான் கடையில் சேர்ந்திருந்தேன். ஓரம் நெளிந்த தகரங்களை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வெள்ளிக்கிழமை மினக்கெட்டு ஒரு கூடு அடித்தேன். நான்கு பக்கமும் இறுக்கம். பச்சைப் பெயின்ற்! ஓம், அதே பச்சை. என் ரசனை இருபத்தெட்டு வருடத்தில் ஓர் அங்குலமும் நகரவில்லை. மாமா ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த ஒரு சித்திரை நாளில், அவர் வரும்போது வியக்கட்டும் என்று ஆறு கோழியையும் பிடித்து உள்ளே விட்டுப் பூட்டினேன். அவர் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். வியப்பதற்கு இரண்டு கோழிதான் மிச்சம் இருந்தன.

அங்கேதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். நீ தலை குனிந்து நின்றாய். பழியை நீயே எடுத்தாய். நான் அவர் வளவுக்குள் வருவதற்கு முன்பே கோழிகளைத் தூக்கி வெளியே முருங்கைக்குக் கீழே போட்டுவிட்டு, "மாமா, நோய் விழுந்திட்டுது" என்றேன். வெள்ளைக் கழிச்சல் என்று பெயரும் வைத்தேன். ஒரு பொய்க்குப் பெயர் வைத்தால் அது தானாக நடக்கத் தொடங்கிவிடும். மாமா கவலைப்பட்டு மிருக வைத்தியரைக் கூட்டி வந்தார். வைத்தியர் நம் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கோழிகளுக்கு ஊசி போட்டார். பதினேழு வீட்டுக் கோழிகளைப் பதினேழு வீட்டார் துரத்தினார்கள். ஒரு மனிதர் வேலி பாய்ந்து சாரனைக் கிழித்துக்கொண்டார். பிறகு நோய் எங்கிருந்து வந்தது என்று விசாரணை தொடங்கியது. பக்கத்து வீட்டு ஜெசீமா ராத்தா அந்தக் கிழமைதான் தம்பலகாமத்திலிருந்து இரண்டு பேட்டுக்கோழி கொண்டுவந்திருந்தார். பழி அங்கே போய் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜெசீமா ராத்தா இரண்டு வருடம் நம்மோடு கதைக்கவில்லை. வேலிக்கு மேலால் கறி கைமாறுவதும் நின்றுபோனது. அவருடைய இறால் பொரியலை நினைத்து நான் பட்ட பாட்டை என் பாவத்துக்குத் தண்டனையாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தேன். மாமா என் பச்சைக் கூட்டின் மூன்று பக்கத் தகரத்தையும் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு, யாரோ மீனவரிடம் வாங்கிய பழைய வலையை ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசிக்குப் பதில் ஆணி. என்னைப் பார்த்தார். ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "காத்து வரட்டும் மருமகன்." அவ்வளவுதான். மறுபடியும் ஆணியை வாயில் வைத்துக்கொண்டார். அன்று முதல் அவர் பேப்பர் பார்க்கும் கதிரையில் நான் இருந்தால் எழும்பச் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் மௌத்தாகும்வரை நான் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நல்ல நேரம் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் மௌத்தான அன்று, பின்வளவில் நின்று, அந்த நேரம் இனி வராது என்று கோழிகளிடம் சொன்னேன். அவை வழமைபோல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இடையில் கோழிகளோடு நான் பழகக் கற்றுக்கொண்டேன். அதிலும் வம்பு வராமலில்லை. உன் உம்மாவின் குடும்பத்து மாமிமாரின் பெயர்களைக் கோழிகளுக்கு வைத்தேன். பெயர்கள் அவ்வளவு பொருந்தின. ஒருநாள் மாலை விறாந்தையில் ஆட்கள் இருப்பது தெரியாமல், "சபீனா மாமி, சும்மா கொக்கரிக்க வேணாம், ஒரு முட்டைக்கு இவ்வளவு சத்தமா?" என்று பின்வளவிலிருந்து கத்தினேன். விறாந்தையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவர் சபீனா மாமி. உன் கலியாணத்தில் அவர் ஏன் என் பக்கம் பார்க்காமல் சோறு தின்றார் என்று நீ கேட்டாயே, இதுதான் காரணம்.

இப்போது நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவை. வெக்கை நாளில் கோழி வாயைத் திறந்து இரைத்தால், செட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால், அதற்கு உதவி வேண்டும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் காலைப் பிடித்துத் தூக்காதே. நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வை. பத்து மணிக்கு மாற்று, பிறகும் மாற்று. சூடேறிய தண்ணீரை அது குடிக்காது. மத்தியானத்தில் தீன் போடாதே. விடியவும் வெயில் தாழவும் போடு. தின்றதும் அதன் உடம்பு சூடாகும். உன் வாப்பா சோறு தின்றதும் வேர்ப்பது போல. நிலத்தை நனைக்காதே; உமியோ மணலோ காய்ந்து கிடக்கட்டும், புழுதியில் குளிக்க இடம் விடு. உச்சி வெயிலில் கோழியைத் துரத்திப் பிடிக்காதே. கூட்டுக்கு மேலே நிழல், பக்கங்களில் வலை. உன் மாமியின் கோழிகள் கொய்யா மரத்தில் ஏறிப் படுத்தது ஒழுங்கில்லாத்தனம் என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோம். கடலைப் பார்த்த கொப்பு, எப்போதாவது வரும் சிறு காற்று. அவை நம்மைவிடப் படித்தவை.

இன்னொன்று. புதுக் கோழியைப் பழைய கோழிகளுக்கு நடுவில் நேரே கொண்டுபோய் விடாதே. கொத்திவிடும். கெட்ட எண்ணத்தில் கொத்துவதில்லை. இது யார், எந்தக் கொப்பில் படுப்பது என்று கேட்கத் தெரியாமல் கொத்துகின்றன. கூடைக்குள் வைத்து, கூடையை அவற்றின் நடுவில் வை. நாலைந்து நாள் அவை சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு திறந்துவிடு. நான் கோழியைப் பற்றித்தான் சொல்கிறேன். நீ வேறு எதையும் நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்று காலை ஓர் ஒத்திகை பார்த்தேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் வேறு யாரிடமாவது சொல்லிப் பழகலாம் என்று வேலியடிக்குப் போனேன். ஜெசீமா ராத்தா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிவிட்டு, "ராத்தா, இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி எங்கட வீட்டில செத்த கோழி நோயால சாகல்ல" என்றேன். அவர் ஈரச் சேட்டை உதறிக்கொண்டே, "தகரத்தால செத்த" என்றார்.

நான் வேலிக்கு இன்னும் கிட்டப் போனேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கட மாமா அந்தக் கிழமையே வந்து சொன்னவர். மருமகன் பொடியன், பயந்திட்டான், நீங்க மனசில வைக்க வேணாம் எண்டு. எனக்கு ஒரு குடைச்சட்டையும் தைச்சுத் தந்தவர்."

"அப்ப ஏன் ரெண்டு வருசம் கதைக்கல்ல?"

"கோழிக்காக இல்ல. இவன் எப்ப வந்து வாயால சொல்றான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு வருசத்தில எனக்கே அலுத்துப்போச்சு, கதைச்சிட்டன்." பிறகு நம் முன்னறைச் சன்னலைப் பார்த்தார். நீ அந்தச் சன்னலுக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தாய். "உங்களுக்கு இருபத்தெட்டு வருசம் எடுத்திருக்கு. மகனுக்கும் அவ்வளவு எடுக்குமோ?"

பகிடி ஒன்றும் வரவில்லை, மகன். முதல் தடவையாக.

றிஸ்னா இன்று மத்தியானமும் எடுத்தாள். நீ அவளுடைய போனை எடுப்பதில்லையாம். உன் உம்மாவின் போனுக்கு எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்கக்கூடாததை எல்லாம் கேட்பதுதானே என் தொழில். "மாமி, அவருக்குச் சொல்லுங்க, நான் சிரிச்சது அவரப் பாத்து இல்ல. உம்மா கதைச்ச கதைக்கு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவர் போன பிறகு உம்மா இருந்து அழுதிட்டா." உன் உம்மா, "கோழிக்கா, மருமகனுக்கா?" என்று கேட்டாள். "தெரியா மாமி. ரெண்டுக்கும் சேத்து அழுத மாதிரி இருந்திச்சு." பிறகு சொன்னாள், விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு கோழி யாருக்கும் தெரியாமல் அடைகிடந்திருக்கிறதாம். அதை நீ அன்று பிடிக்கவில்லை, அதனால்தான் தப்பியது. பதினொரு முட்டை. வெள்ளிக்கிழமை குஞ்சு பொரிக்கும் என்று மாமி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பச்சைக் கூட்டைக் கழற்றிப் போட அடுத்த வீட்டு ஆட்கள் வந்தார்களாம், மாமி தொடவிடவில்லை. "மருமகன் வந்து கழட்டட்டும்" என்றாராம். மருமகன் வந்தால் என்று சொல்லவில்லை, கவனித்தாயா? வந்து என்றுதான் சொல்லியிருக்கிறார்.

வாடகை வீடு தேடித் தரச் சொன்னாய். தேடலாம். ஆனால் றிஸ்னா அவளுடைய உம்மாவைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். அவள் வராத வீட்டில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். அதற்கு இந்தச் சுவரே போதும், இதற்கு வாடகையும் இல்லை. நீ போவாயா மாட்டாயா என்பதை நான் தீர்மானிக்க மாட்டேன். போ என்று சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை? ஆறு கோழியையும் கொன்றவன் நான். உன்னை அந்த விறாந்தையில் தலை குனிய வைத்தவனும் நான்.

ஆனால் நான் நாளைக்குப் போகிறேன். உன் மாமியிடம் போய், கூடும் என்னுடையது, சாக்கும் என்னுடையது, உங்கள் மருமகன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று வாயால் சொல்லப் போகிறேன். அவர் எனக்கு என்ன சொல்வாரோ தெரியாது. உப்புப் போடாமல் அவித்தது என்று உனக்குச் சொன்னவர், எனக்கு மிளகாயும் போட்டே தருவார். தனியாகப் போக ஏலாது மகன். அங்கே திரும்பிப் போவதற்காக வரவேண்டாம். எனக்குத் துணையாக வா. மாமியின் வாயைப் பார்த்து நான் படியிலேயே திரும்பி ஓடப் பார்த்தால் சேட்டின் கொலரைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். இதுவரை அந்த வேலையை உன் உம்மாதான் செய்தாள். அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

நாளை திருகோணமலைப் படகு ஓடுமாம், இறங்குதுறை ஜெட்டியில் விசாரித்துவிட்டேன். பஸ்ஸில் போனால் கோழிகளுக்கு வெக்கை. உன் உம்மா நம் பின்வளவிலிருந்து ஐந்து பேட்டையும் ஒரு சேவலையும் தெரிந்துவிட்டாள். விடியவே கூடையில் வைப்பாள். சபீனா மாமியும் போகிறார், நல்ல முட்டைக்காரி. கம்பிவலை ஒரு சுருள் கடையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். உன்னுடைய ஸ்குரூ கழற்றியைக் கொண்டு வா. என்னுடையது அந்தப் பச்சைக் கூட்டைச் செய்த அன்று தொலைந்தது, உள்ளேதான் எங்கோ கிடக்கும்.

போய் இறங்கியதும் உடனே உள்ளே போகவேண்டாம். கூடையை முற்றத்தில் வைப்போம். நீயும் நானும் விறாந்தையில், ஓரமாக, கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அவர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும்.

வாப்பா

பி.கு: எழும்பியதும் தலையணை இரண்டையும் உம்மாவிடம் கொடு. படகுப் பலகை கடினம். நான் ஒன்றின்மேல் இருப்பேன், மற்றது உனக்கு.